இல்லாத உப்பு

காய்ச்சி வடித்த நீர், ஒரு குவளை.
அதில் மீட்டரின் இரண்டு கால்கள்.
திரை சொல்கிறது:
உப்பு, முப்பத்தெட்டு.

ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன்.
உப்பில்லை.
"லேபில் எதையும் வாயில் வைக்காதீர்கள் என்று
எழுதி ஒட்டியதே நீங்கள்தான், மேடம்,"
என்றாள் ரொவேனா.

சார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா பதிமூன்று.
ஆகஸ்ட், இரவு பதினொன்று.
கடலைக் குடிநீராக்கும் ஆலைக்கு
திங்களன்று போகவேண்டிய நாற்பது பலகைகள்.
உப்பை வெளியேற்ற அவர்கள் படும் பாடு போதாதென்று
நாங்கள் இங்கே உப்பு காய்ச்சுகிறோம்.

முதலில் ஏசியைச் சந்தேகித்தோம். அணைத்தோம்.
பத்தே நிமிடத்தில் சன்னல் வியர்த்தது,
நாங்கள் வியர்த்தோம்,
எண் அசையவில்லை.
டியூப்லைட், போன் சார்ஜர்,
பக்கத்து ஷெட்டின் வெல்டிங்,
எல்லாவற்றின் வாயையும் அடைத்துப் பார்த்தாயிற்று.
கடுகிலும் சிறிய மின்தேக்கிகளை
சிப்பின் காலோடு காலாக
நெருக்கி வைத்தாள் ரொவேனா, மூச்சை அடக்கி.
முப்பத்தொன்று.

பிராசசரைத் தூங்க வைத்தேன்.
இரண்டு.
எழுப்பினேன்.
முப்பத்தொன்று.

ஆக, வெளியாள் யாருமில்லை.
நினைவகமும் பிராசசரும்
நொடிக்குப் பத்துக் கோடி தரம்
ஆமா, இல்லை, இல்லை, ஆமா
என்று பேசிக்கொள்வது
சென்சாரின் முணுமுணுப்புக்குள் சிந்துகிறது.
எப்படி என்றுதான் தெரியவில்லை.

கரக் சாயா சொன்னோம்.
எதிர்க் கட்டிடத்துக் கஃபடீரியா.
சன்னலில் நின்றால்
ஜம்ஷீர் பால் ஆற்றுவது தெரியும்.
நடுவே ஆறு தட ரோடு,
ரோட்டின் நடுவே ஆளுயர வேலி.
பைக்கை எடுத்து, எங்களுக்கு எதிர்த்திசையில் ஓடி,
லாரிகளுக்கிடையே யூ-டர்ன் அடித்து,
முப்பது மீட்டருக்கு
நான்கு கிலோமீட்டர்,
வழியெல்லாம் ஹாரன்.
சாயா ஆறித்தான் வந்தது.

ஆறிய கப் ஒரு கையில்,
வெற்றுப் பலகை மறு கையில்.
சும்மாதான் உயர்த்திப் பிடித்தேன்
கஃபடீரியாவின் சிவப்பு விளக்குக்கு நேரே.
பலகையின் நடுவில்
மெல்லிய சிவப்புக் கோடொன்று எரிந்தது.

அடிப்பக்கத்துச் செம்புத் தரையில் ஒரு பிளவு.
இந்தப் பக்கம் சென்சார், அந்தப் பக்கம் பிராசசர்.
பிளவுக்கு மேலே, முன்பக்கத்தில்,
கவலையில்லாமல் தாண்டிப் போகின்றன எட்டுத் தடங்கள்.

போன மின்னோட்டம் திரும்பியாக வேண்டும்.
வேகம் கூடினால்
சுற்றிவர அதற்குப் பிடிக்காது;
போன தடத்தின் அடியிலேயே
நிழல்போல ஒட்டி வரப் பார்க்கும்.
தரை அறுந்திருந்தால்?
பலகையின் ஓரம்வரை ஓடி
யூ-டர்ன் அடித்து வரும்,
வழியெல்லாம் ஹாரன்.

"யார் வெட்டினார்கள் இதை?" என்று கேட்டுவிட்டு
மூலையில் வெள்ளை மையில் இருந்த
இரண்டெழுத்தை வாசித்தாள் ரொவேனா.
பிறகு பேசாமல்
சால்டரிங் அயர்னின் நுனியைத் துடைக்கத் தொடங்கினாள்.

மூன்று வருடம் முன்பு
சண்டை போட்டு நான் வாங்கிய பிளவு.
ஒரே தரை போதும் என்றார் ஹாஸிம்.
நல்ல சிக்னலையும் இரைச்சலையும்
ஒரு தரையில் நிற்கவிடுவதா என்று
மூன்று பத்தி மெயில் எழுதினேன், அவர் மேலாளருக்கும் சேர்த்து.
இடம் போதாமல் அந்த எட்டுத் தடங்களை
பிளவின் மேலே வளைத்து விட்டதும் நான்தான்.

பச்சைப் பூச்சைச் சுரண்டி
நகமளவு செம்புத் தகட்டை
பிளவின் குறுக்கே, தடங்களுக்கு நேர் அடியில்
வைத்துப் பற்றவைத்தாள்.
ரெசின் புகை. அவளுக்கு இருமல்.
எனக்குத் திரையைப் பார்க்கப் பயம்.

மூன்று.

"அந்த ஒன்று உங்கள் வாயிலிருந்து வந்திருக்கும்," என்றாள்.

இன்னும் முப்பத்தொன்பது தகடு வெட்ட வேண்டும்.
ஹாஸிம் இப்போது ஜெத்தாவில்.
'தரை ஒன்று போதும்' என்று தட்டச்சினேன்,
அனுப்பவில்லை, அழிக்கவுமில்லை.
ஏசியைப் போட்டேன். எண் அசையவில்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது,
சாயாவுக்குக் காசு கொடுக்கவில்லை.
சன்னலில் நின்று நோட்டைக் காட்டினேன்.
எதிர்ப்பக்கம் ஜம்ஷீர்
தலையில் அடித்துக்கொண்டு
பைக்கை உதைத்தான்.